‘டியூப் போடவா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். நுரையீரல் புற்றுநோய். ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இரண்டு தடவை கீமோ மருந்தை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். போன மாதம் நிமோனியா வந்து மூச்சுத்திணறி, ஐசியூவில் நான்கு நாள் இருந்து மீண்டு வந்தார். கிளம்பும்போது டாக்டர், “அடுத்த தடவை இப்படி ஆனா வென்டிலேட்டர் போடணுமா வேண்டாமானு இப்பவே வீட்டுல பேசி வச்சுக்குங்க” என்றார். ஓசூரில் இருக்கும் அண்ணன், “பட்டறையை வித்தாவது பாக்கணும்” என்கிறான். அம்மா, “உசுரு வீட்டுல போகட்டும்” என்கிறார். நோய் பரவியதை அப்பாவிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டால் அப்பாவை நானே கொன்ற மாதிரி ஆகாதா?
— பெயர் வேண்டாம், சேலம் - 2

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. உயிரை எடுப்பது நோய்தான். இருபத்தெட்டு வருடம் ஐசியூவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். நடுராத்திரியில், கதவுக்கு வெளியே, பேனாவைக் கையில் கொடுத்த பிறகு இதைக் கேட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்பா வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் காலத்திலேயே கேட்கிறீர்கள். நல்லது.

வென்டிலேட்டர் எந்த நோயையும் குணமாக்காது. நுரையீரலின் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு கொஞ்சம் நாள் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த நாளுக்குள் எது சரியாகப் போகிறது என்று கேளுங்கள். போன மாதம் வந்தது நிமோனியா. மருந்துக்குக் கட்டுப்படும் தொற்று, கட்டுப்பட்டது. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்து வரும் காய்ச்சல், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது, ரத்தத்தில் கால்சியம் ஏறி மயங்குவது எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு ஐசியூ போவதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் அண்ணன் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் கட்டியே வளர்ந்து நுரையீரலை அடைத்து, கொடுக்க வேறு மருந்தும் இல்லை என்றால், வென்டிலேட்டருக்காக வாய் வழியே மூச்சுக்குழாயில் இறக்கும் டியூபைப் போட்ட பிறகு அதை எடுக்கும் நாள் வராது.

இதில் எது என்று இரவு டியூட்டியில் இருக்கும் ஐசியூ டாக்டரால் சட்டென்று சொல்ல முடியாது. புற்றுநோய் டாக்டரிடம் இந்த வாரமே போய் நேராகக் கேளுங்கள்: “இனிமே கொடுக்க மருந்து இருக்கா? கொடுத்தா அப்பா தாங்குவாரா?” பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருப்பவருக்கு, பெரும்பாலும் கீமோ கொடுக்கத் தயங்குவார்கள். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசினால் விடாதீர்கள். “உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?” என்று கேட்டால் பல டாக்டர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அடுத்த முறை சரியாகக்கூடிய காரணம் ஏதோ இருப்பதாக டாக்டர் நினைத்தால், “மூணு நாள் பாப்போம்” என்று கெடு வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பலாம். ஆக்ஸிஜன் தேவை குறைகிறதா, பிரஷரைத் தூக்கி நிறுத்தும் மருந்தின் அளவு இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா என்று தினமும் கேளுங்கள். மூன்றாம் நாள் இவை மோசமாகி, ‘டயாலிசிஸும் வேண்டும்’ என்று பேச்சு வந்தால், அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை என்று முன்பே சொல்லி வையுங்கள். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது பற்றியும் பேசிவிடுங்கள். முற்றிய புற்றுநோயில் அதனால் மீள்பவர் மிகக் குறைவு. விலா எலும்பு முறியும். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். கௌரவமாகச் சாகும் உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் தீர்ப்பளித்தது. உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்கான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். சுயநினைவோடு இருக்கும்போதே அப்பா தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜடட் அதிகாரியிடமோ சான்று வாங்கி வைக்கலாம். தன் சார்பில் பேச வேண்டியது யார் என்றும் அதிலேயே எழுதலாம். அப்படி எழுதாமல் போனாலும் சுமை உங்கள் ஒருவர் தலையில் விழாது. சிகிச்சை தரும் டாக்டரும் வேறு இருவரும் கொண்ட ஒரு குழு பார்த்து, அதன்பின் இன்னொரு குழுவும் ஒப்ப வேண்டும். குடும்பத்தின் சம்மதம் அதில் ஒரு பகுதி.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. அப்பாவிடம் கேட்டீர்களா?

என் அண்ணன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். உணவுக்குழாயில் புற்றுநோய். நான் நர்ஸ், எனக்கே எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டியூப் போட்டார்கள். பிடுங்கிவிடுவார் என்று, நாங்கள் எல்லோருக்கும் செய்வது போலவே, கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். டியூப் இருந்தால் பேச முடியாது. ஆறாம் நாள் என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினார். அது எழுத்தா, நடுக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில், ‘டாக்டர் சொல்லைக் கேட்காமல் அழைத்துப் போகிறோம்’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வலிக்கு ஒரு மாத்திரைகூடக் கையில் கொடுக்கவில்லை. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. பதினான்காவதில் முடிந்துவிட்டது. வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். அம்மா ஆசைப்படுவது போல வீடு என்று முடிவானால், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். “நோய்த்தணிப்புச் சிகிச்சை டாக்டரைப் பாக்கணும்” என்று இப்போதே கேளுங்கள். நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் அவதியையும் குறைப்பதுதான் அவர் வேலை. மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மார்பின் மாத்திரை உண்டு. சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறுக்காது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைப்பதும், முகத்துக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறி வைப்பதும் ஆச்சரியமாக வேலை செய்யும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் போய் விசாரியுங்கள். வீட்டில் இறந்தால் சான்றெழுத எந்த டாக்டர் வருவார் என்றும் கேட்டு வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கேட்கவே சங்கடமாக இருக்கும். அன்றைக்கு அலைவதைவிட இது மேல்.

பட்டறையை விற்பது பற்றி ஒரு வார்த்தை. பணத்தைக் கணக்குப் பார்ப்பது பாவமில்லை. அம்மா அதற்கப்புறமும் வாழ வேண்டும். காப்பீட்டு அட்டையில் எத்தனை நாள், எது வரை கிடைக்கும் என்று கவுன்டரில் முன்பே கேளுங்கள்.

அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது? ‘பரவிடுச்சு’ என்று தொடங்க வேண்டாம். “அப்பா, போன தடவை ஆஸ்பத்திரியில மூஞ்சில மாஸ்க் மாட்டி வச்சாங்களே, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசுவார். பிறகு, “மறுபடி அப்படி ஆனா என்ன பண்ணட்டும்?” நாற்பது வருடம் வெள்ளி உருக்கியவருக்குத் தன் உடம்பு தெரியாமலா இருக்கும்? ‘எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீங்களே பாத்துக்குங்க’ என்பாரானால் அதுவும் பதில்தான். அப்போது யாரிடம் விடுகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் போனில் வாதாட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வரச் சொல்லுங்கள். அப்பா சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஸ்கேன் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். 108 வாசலில் நிற்கும்போது அந்த ஃபைலைத்தான் முதலில் எடுப்பீர்கள்.