ஜாவா, காட்லின் ஆகிய நிரல் மொழிகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

ஒரே வேலையை, ஒரே காலத்துப் பதிப்புகளில், அந்தந்த மொழிக்கு இயல்பான நடையில் எழுதிப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. 2014இல் வந்த ஜாவா 8ஐ இன்றைய காட்லினுடன் ஒப்பிடுவது, பழைய வண்டியை மலைப்பாதையிலும் புதிய வண்டியை நெடுஞ்சாலையிலும் ஓட்டி மைலேஜ் பார்ப்பதைப் போன்றது. தரவுகளைச் சேர்த்து வைப்பதற்கென்றே இருக்கும், காட்லினில் ஒரே வரியில் முடியும் டேட்டா கிளாஸுக்கு ஜாவாவில் பல வரிகள் வேண்டும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் 2021இல் வெளியான ஜாவா 16 முதல், ரெக்கார்டு என்ற வசதி பெரும்பாலும் அதே வேலையை ஒரே வரியில் செய்துவிடுகிறது. காட்லினின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து: தரவு வகையின் பெயருக்குப் பின் கேள்விக்குறி இட்டால் மட்டுமே ஒரு மாறி வெற்று மதிப்பை (null) ஏற்கும் என்பதால், வெற்று மதிப்பால் ஓடும்போது நிரலை நிறுத்தக்கூடிய பிழைகளில் பெரும்பகுதியை, நிரலை மொழிமாற்றும் கம்பைலரே முன்கூட்டிப் பிடித்துவிடுகிறது. வரிகள் குறைந்தால் நிரல் வேகமாக ஓடும் என்று பலர் நம்புவது தவறு. ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான ஜேவிஎம்மில் இரண்டுமே பைட்கோடு என்ற இடைநிலை வடிவமாக மாறித்தான் ஓடுகின்றன.