வாசகர் கேள்வி–பதில்: மனிதனின் தொடக்கத்தைத் தேடும் திரைப்படங்கள்

விஞ்ஞானப் புனைவுப் படங்கள் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மனிதன் எங்கிருந்து வந்தான் என்று கேட்கும் படங்களைத் தொட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்க்க இருந்தேன். முதல் மூன்று நிமிடம் திரை கறுப்பாகவே கிடந்தது; கோப்பு பழுது என்று நினைத்தேன். பிறகு நெடுநேரம் குரங்குகள்தான். இதை ஏன் இவ்வளவு பெரிய படம் என்கிறார்கள்? — வாசகர், உவர்மலை

கோப்பில் பழுதில்லை. 1968இல் படம் திரையரங்குக்கு வந்தபோது, சனம் வந்து அமரும்வரை இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை மட்டும் ஒலிக்கட்டும் என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வைத்த முன்னிசை அது. அதைத் தாண்டி ஓட்ட வேண்டாம். அறை விளக்கை அணைத்துக் கண்ணை இருட்டுக்குப் பழக்க அந்த மூன்று நிமிடம் உதவும்.

அடுத்து வருவது 'மனிதனின் விடியல்' என்ற பகுதி. முதல் வசனம் வர ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். பேச்சில்லையே என்று கைத்தொலைபேசியை எடுத்தால் படத்தின் வாதமே கைநழுவிப் போய்விடும். அந்த வாதம் முழுவதும் காட்சியில்தான் இருக்கிறது. தண்ணீர்க் குட்டைச் சண்டை இருமுறை வருவதைக் கவனியுங்கள். முதல்முறை இரண்டு கூட்டமும் கத்துகின்றன, கையை வீசுகின்றன, எவரும் சாகவில்லை. இரண்டாம்முறை ஒரு பக்கத்தாரின் கையில் எலும்பு இருக்கிறது.

இடையில் நடப்பதுதான் படத்தின் உயிர். கறுப்புக் கல் ஒன்று தோன்றிய பிறகு, பசித்துக் கிடக்கும் குரங்கு மனிதன் ஒருவன் விலங்கின் எலும்புக்கூட்டின் முன் குந்தியிருக்கிறான். நீள எலும்பொன்றை எடுத்துச் சும்மா தட்டிப் பார்க்கிறான். ஒரு விலா எலும்பு துள்ளி எழுகிறது. கை உயர உயர அடி பலக்கிறது. கடைசியில் மண்டையோடு தூள் தூளாகிறது. அதற்கு நடுவே, உயிருள்ள விலங்கு ஒன்று சாய்ந்து விழும் காட்சி சடாரென்று வந்து போகும். அவன் இன்னும் கொல்லவில்லை, கொல்வதை நினைக்கிறான். இல்லாத ஒன்றை மனதில் காணும் ஆற்றல் பிறந்த கணமாகக் குப்ரிக் காட்டுவது அதைத்தான். வசனம் ஒன்றாவது வைத்திருந்தால் அந்த இடம் கெட்டிருக்கும்.

அந்தப் பகுதியில் வரும் சிறுத்தையின் கண்கள் ஒளிர்வதையும் பாருங்கள். பாலைவனப் பின்னணி நமீபியாவில் எடுத்த நிழற்படங்கள். நடிகர்கள் இங்கிலாந்தில் கலையகத்துக்குள் நின்றார்கள். வீதி அறிவிப்புப் பலகைகளில் பயன்படும், ஒளி வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பும் பொருளாலான திரையில், கமெராவின் பார்வைக் கோட்டிலேயே படத்தை வீழ்த்தினார்கள். அந்த ஒளி சிறுத்தையின் விழியிலும் பட்டுக் கமெராவுக்கே திரும்பியது. யாரும் திட்டமிடாத அழகு அது.

விஞ்ஞானம் எந்த அளவுக்குச் சரி என்பதற்கு வருவோம். மனிதனை மனிதனாக்கியது கொலையாயுதம் என்ற கருத்தை 1950களில் முன்வைத்தவர் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் றேமண்ட் டார்ட். குகைகளில் கிடந்த உடைந்த எலும்புகளை ஆதிமனிதரின் ஆயுதங்கள் என்று அவர் எண்ணினார். பின்னர் சி. கே. பிரெய்ன் அதே வகைக் குகை எலும்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பெரும்பாலானவை வேட்டை விலங்குகள் தின்று போட்ட மிச்சம் என்று காட்டினார். சுவார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு மண்டையோட்டின் இரண்டு துளைகள் சிறுத்தையின் கோரைப்பல் இடைவெளியுடன் பொருந்துகின்றன. ஆகவே இந்தப் படத்தில் சான்றுக்கு மிக அருகில் நிற்பது எலும்புத் தடி அல்ல, பாறையிலிருந்து பாயும் அந்தச் சிறுத்தைதான். நம் முன்னோர் நெடுங்காலம் வேட்டையாடியவர்களாக இருந்ததைவிட வேட்டையாடப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

காலக்கணக்கும் அவ்வளவு தூரம் தவறவில்லை. படத்தின்படி சந்திரனில் இதேபோன்ற இன்னொரு கறுப்புக் கல் புதைக்கப்பட்டது 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். இதுவரை கிடைத்த மிகப் பழைய கற்கருவிகள் கென்யாவின் லொமெக்வியில் கிடைத்தவை. வயது 33 இலட்சம் ஆண்டு. 2015இல்தான் அவை பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஆனால் அவை ஆளை அடிக்கும் ஆயுதங்களல்ல, கல்லில் கல்லை மோதிப் பெற்ற கூரான சில்லுகள். நம் தீவிலேயே, புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாகியங்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு அம்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. 'எலும்பும் மனிதனும்' என்று படமெடுக்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு ஆபிரிக்கப் பாலைவனம் தேவையில்லை. ஈரக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் குரங்கை வேட்டையாடக் கற்ற மனிதரின் கதை இங்கேயே இருக்கிறது.

படத்தின் பிழை ஒன்றையும் சொல்லிவிடலாம். குரங்கு மனிதருடன் மேயும் விலங்குகள் தாப்பிர்கள். அவை தென்னமெரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்பவை, ஆபிரிக்காவில் இல்லை.

கிளார்க் நம் கோணேசர் கடலில் முக்குளித்தார் என்பது உண்மையா? — வாசகர், திருக்கடலூர்

உண்மை. '2001' படக்கதையைக் குப்ரிக்குடன் எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். அவ்வாண்டே முக்குளிப்புத் தோழர் மைக் வில்சனுடன் திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களைப் பார்த்துப் படம்பிடித்தார். 1957இல் வந்த தனது முக்குளிப்பு நூலிலும் எழுதினார். '2001' படத்துக்கு வித்தான 'த சென்டினல்' சிறுகதையை அவர் எழுதியது அதற்கு முன்பு, 1948இல். கோணேசர் தூணைக் கண்டுதான் கறுப்புக் கல் பிறந்தது என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கு இடம் தராது.

நான் உயர்தர உயிரியல் படிக்கிறேன். 'புரொமிதியஸ்' படத்தில் மனிதரைப் படைத்த வேற்றுக்கிரகத்தாரின் டி.என்.ஏயும் நம்முடையதும் ஒன்றே என்கிறார்கள். அப்படி இருக்க வாய்ப்புண்டா? — மாணவி, உப்புவெளி

இல்லை, தங்கச்சி. ஏன் இல்லை என்பதை உங்கள் பாடத்தை வைத்தே விளக்கலாம்.

ரிட்லி ஸ்கொட்டின் 2012ஆம் ஆண்டுப் படம் அது. தொடக்கத்தில், ஐஸ்லாந்தின் டெட்டிஃபொஸ் நீர்வீழ்ச்சியின் மேல் வெளிறிய உடலுடைய ஒருவர் கறுப்பு நீர்மமொன்றைக் குடித்துச் சிதைகிறார், அவரது டி.என்.ஏ இழைகள் தண்ணீரில் உடைந்து மீண்டும் கூடுகின்றன. மிக அழகான காட்சி. சிக்கல் பின்னால் வருகிறது. அந்த விதைப்பு எப்போது நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். உயிர் தொடங்கிய காலத்தில் என்றால், அவுஸ்திரேலியாவின் பில்பராவில் 350 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்ப் படிமங்கள் உள்ளன. அங்கிருந்து மீன், ஊர்வன, பாலூட்டி என்று இத்தனை திருப்பங்களைக் கடந்து வந்து, கடைசியில் விதைத்தவரின் டி.என்.ஏயே எழுத்துக்கு எழுத்து மீண்டும் வந்து சேர வழியில்லை. மனிதர் மட்டும் தனியாகப் பிற்காலத்தில் விதைக்கப்பட்டனர் என்றால், சிம்பன்சியை என்ன செய்வது? ஒப்பிடக்கூடிய பகுதிகளில் நம் டி.என்.ஏயும் சிம்பன்சியின் டி.என்.ஏயும் ஏறத்தாழ 98.8 வீதம் ஒத்துப்போகின்றன.

இன்னும் நெருக்கமான சான்று உங்கள் இரண்டாம் இலக்க நிறமூர்த்தத்தில் இருக்கிறது. சிம்பன்சிக்கு 48 நிறமூர்த்தங்கள், நமக்கு 46. குறைந்த ஒரு சோடி தொலைந்து போகவில்லை. முன்னோரின் இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டி நம் இரண்டாம் நிறமூர்த்தமாகின. வழக்கமாக முனையில் மட்டும் இருக்கவேண்டிய தொடர்கள் அதன் நடுப்பகுதியில் காணப்படுகின்றன. செயலிழந்த இரண்டாவது மையப்பாத்தின் (சென்ட்ரோமியர்) எச்சமும் இருக்கிறது. வேற்றுக்கிரகத்தில் வார்த்தெடுத்த உயிரிக்கு இந்த ஒட்டுத் தழும்பு இருக்கக் காரணமில்லை.

இதற்காக அந்த எண்ணத்தையே ஒதுக்கிவிட வேண்டாம். உயிரை யாரோ வேண்டுமென்றே பூமிக்கு அனுப்பியிருக்கலாம் என்று 1973இல் ஆய்வேட்டில் எழுதியவர்களில் ஒருவர், டி.என்.ஏயின் அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிறிக். மற்றவர் லெஸ்லி ஓர்கெல். கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க, மற்றொரு வானியலாளரான ஃபிரெட் ஹொயிலுடன் சேர்ந்து வால்வெள்ளிகள் உயிரைச் சுமந்து வந்தன என்று வாதிட்டார். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ஆயினும் 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் பல இருந்தது உறுதி. பொருள் வரலாம்; உயிர் வந்தது என்பதற்குச் சான்றில்லை. வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அங்கே அது எப்படித் தொடங்கியது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அந்தப் படத்தின் பாத்திரங்களும் இறுதியில் அதே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. அதில் படம் நேர்மையாக இருக்கிறது.

ஒரு கணக்குப் பிழையும் உண்டு. வேறொரு விண்மீனுக்குப் போன கலத்தில் நின்று, பூமியிலிருந்து அரை பில்லியன் மைல் தொலைவில் இருக்கிறோம் என்கிறார் ஒரு பாத்திரம். அது ஏறத்தாழ 80 கோடி கிலோமீற்றர். வியாழனைத் தாண்டவே சிரமம்.

11 வயது மகனுக்கு இந்த இரண்டையும் காட்டலாமா? — தாய், மூதூர்

'புரொமிதியஸ்' வேண்டாம், வயிற்றைக் கிழிக்கும் காட்சி உள்ளது. '2001'ஐக் காட்டலாம், ஆனால் ஒரே இருப்பில் வேண்டாம். முதல் 20 நிமிடத்தை ஒரு நாள் காட்டி, எலும்பு வானில் பறந்ததும் நிறுத்திவிட்டு என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நம் வாசிகசாலையில் மாதம் ஒரு படம் காட்ட எண்ணியுள்ளோம். தமிழ்த் துணைத்தலைப்பு பெட்டி பெட்டியாகத் தெரிகிறது; சில வேளை பேச்சுக்கு முன்னே ஓடுகிறது. — வாசகர் வட்டம், சாம்பல்தீவு

மூன்று வேறு கோளாறுகள் இப்படித் தலைகாட்டும். எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வந்தால், கோப்பு யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்படவில்லை. நோட்பேட்டில் திறந்து, வேறு பெயரில் சேமிக்கும்போது கீழே குறிமுறையை யூ.டி.எஃப்-8 என்று மாற்றுங்கள். வெற்றுப் பெட்டிகளாக வந்தால் எழுத்துரு இல்லை, படத்தை ஓட்டும் வி.எல்.சி செயலியின் அமைப்பில் நிர்மலா யூ.ஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். கொம்பும் காலும் இடம்மாறி நின்றால், நீங்கள் பென்டிரைவை நேரே தொலைக்காட்சியில் செருகியிருப்பீர்கள். பல தொலைக்காட்சிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ வயரில் கொடுங்கள். அல்லது ஹாண்ட்பிரேக் செயலியில் துணைத்தலைப்பைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள்.

பேச்சுக்கு முன்னே ஓடுவதிலும் இரண்டு வகை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு முந்தினால் வி.எல்.சியில் எச் விசை. ஒரு தட்டலுக்கு 50 மில்லிசெக்கன் பிந்தும். ஜி விசை முந்தச் செய்யும். ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் விசையை எத்தனை முறை தட்டியும் பயனில்லை. செக்கனுக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் பிரதிக்கு எழுதிய துணைத்தலைப்பை 23.976 சட்டப் பிரதியோடு சேர்த்திருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிட வேறுபாடு வரும். சப்டைட்டில் எடிட் என்ற இலவசச் செயலியில் சட்ட வேகத்தை 25இலிருந்து 23.976க்கு மாற்றினால் தீர்ந்தது.

3 மீற்றர் அகலமான 16:9 வடிவ வெள்ளைத் துணியில் '2001' விழும்போது உயரம் 1.36 மீற்றர்தான், மேலும் கீழும் 16 சென்றிமீற்றர் வீதம் கறுப்பாக நிற்கும். நிரப்ப வேண்டுமென்று இழுக்காதீர்கள், கோள்கள் முட்டை வடிவாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் தட்டித் துடையுங்கள். தூசி அடைத்தால் சூடேறித் தானாக அணையும், சனம் மின்வெட்டு என்று எழுந்து போய்விடும். வெளிச்சம் முற்றாக மறைந்த பிறகே தொடங்குங்கள், விண்வெளிக் காட்சிகளின் கறுப்புக்கு அது அவசியம். தேநீருக்குத் தனியாக நிறுத்த வேண்டாம்; ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று முன் படத்திலேயே இடைவேளை வருகிறது. வீட்டுக்கென்று வாங்கிய வட்டு பொதுக்காட்சிக்கு உரிமை தராது; அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

இராவணனின் புஷ்பக விமானமே வேற்றுக்கிரகக் கலம் என்கிறார்கள். படங்களும் அப்படித்தானே காட்டுகின்றன? — வாசகர், நிலாவெளி

பழங்காலத் தெய்வங்கள் எல்லாரும் விண்வெளி வீரர்கள் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது 1968இல் வந்த எரிக் வொன் டானிக்கனின் நூல். பல படங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. கதைக்கு அது நல்ல பொறி, வரலாற்றுக்கு உதவாது. கலத்தின் ஒரு ஆணி, ஒரு உலோகத் துண்டு கிடைத்ததில்லை. அதைவிட, அந்தக் கருத்து நம் முன்னோரின் கையையும் கற்பனையையும் பறித்து வேறு யாருக்கோ கொடுக்கிறது. வானில் பறக்கும் விமானத்தை ஒரு கவி எண்ணிப் பார்த்தான் என்பதே போதிய பெருமை. சுவாமிமலையிலுள்ள இராவணன் வெட்டு பாறையில் உண்டான பிளவு. அதன் கதையைப் பக்தியோடு கேட்பதற்கு விண்கலம் எதற்கு?

நேரம் குறைவு. எந்த ஒழுங்கில் பார்க்கலாம்? — வாசகர், தம்பலகாமம்

'கொன்டாக்ட்' முதலில். 1997இல் வந்தது, கார்ல் சேகனின் நாவல். விண்ணிலிருந்து வரும் சைகை பகா எண்களாக எண்ணப்படும் இடத்தை நிறுத்தி நீங்களும் எண்ணுங்கள். இயற்கை தானாக அப்படி எண்ணாது என்பது உடனே விளங்கும். அடுத்து 2016இன் 'அரைவல்', இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. மொழி நம் சிந்தனையை முற்றாக மாற்றிவிடும் என்ற அதன் அடிப்படையை மொழியியலாளர் அந்த அளவுக்கு ஏற்பதில்லை, ஆனால் அந்நியரோடு முதற்சொல்லைப் பரிமாறும் வேலையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறில்லை. மூன்றாவதாக '2001'. தார்கொவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' 166 நிமிடம், 1972இல் எடுத்தது. அதில் ஒரு கார் நகர வீதிகளில் நிமிடக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பொறுமை தீர்ந்தால் அணைத்துவிட்டு ஓய்வான வேறொரு நாளில் தொடருங்கள்.