டை தொடங்க ஒரு மணித்தியாலம், விட மூன்று வருடம்

கேள்வி: எனக்கு 46 வயது. கொக்குவிலில் ஆசிரியையாக இருக்கிறேன். முன்பக்கமும் வகிடும் நன்றாக நரைத்துவிட்டன. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வரும் அக்கா, “நல்ல டை கொண்டுவருகிறேன், அடித்துப் பார்” என்கிறார். அம்மா மருதோன்றி போதும் என்கிறார். டை தொடங்கினால் மிச்சத் தலைமயிரும் நரைத்துவிடும் என்று பாடசாலையில் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: பாடசாலைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். டை மிச்ச மயிரை நரைக்க வைக்காது. வெளியே தெரியும் மயிர் உயிரில்லாத இழை, டை பிடிப்பது அதில்தான். நிறம் உண்டாவது தோலுக்குள்ளே, மயிர்க்காலில். அங்கே மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்யும் கலங்கள் வயதோடு ஓய்ந்துபோகின்றன. எந்த வயதில் ஓயும் என்பது பெரும்பாலும் பரம்பரையின் கையில். டை அடித்தவருக்கு நரை கூடியதுபோலத் தோன்றுவது, கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வேர் பளிச்சென்று தெரிவதால்.

46 வயதில் நரை ஒரு நோயும் அல்ல. கூடவே களைப்பு, கால் விறைப்பு என்று ஏதாவது இருந்தால் விற்றமின் பி12, தைரொயிட் இரண்டையும் இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பால், முட்டைகூடத் தொடாத முழுச் சைவம் என்றால் பி12ஐ எப்படியும் பார்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமைச் சைவம் இந்தக் கணக்கில் வராது.

இனி உங்கள் முடிவு. என்னிடம் வருபவர்கள் “அடித்தால் வடிவாக இருக்குமா?” என்றுதான் கேட்பார்கள். அதைக் கண்ணாடியிடம் கேட்கலாம். நான் திருப்பிக் கேட்பது, மாதாமாதம் இதோடு மினக்கெடச் சம்மதமா என்பதை. தலைமயிர் மாதத்துக்குச் சுமார் 1 சென்றிமீற்றர் வளரும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அடித்தீர்கள் என்று வையுங்கள். 24ஆம் நாள் தேருக்கு வீதியில் நிற்கும்போது வகிட்டில் முக்கால் சென்றிமீற்றருக்கு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அதை மறைக்கத் திரும்பவும் பூச வேண்டும். ஒருநாள் அலுத்துப்போய் விட்டாலோ, வேர் வெள்ளையும் நுனி கறுப்புமாக நிற்கும். தோளுக்குச் சற்றுக் கீழே வரும் மயிர் முழுதும் மாற இரண்டரை, மூன்று வருடம் பிடிக்கும். இடுப்பு வரை பின்னல் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. கட்டையாக வெட்டும் ஆண்கள் சில மாதத்திலேயே தப்பிவிடுவார்கள், அவர்களின் ஆலோசனையை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

அதனால் நிரந்தரக் கறுப்பு டையை முதல் தெரிவாக நான் சொல்லமாட்டேன். இன்னொரு காரணம் தோல். இந்த டைகளில் பெரும்பாலானவற்றில் பாராபினைலீன்டையமீன், சுருக்கமாகப் பி.பி.டி., இருக்கிறது. கடையில் வாங்கித் தண்ணீரில் குழைக்கும் கறுப்புத் தூளிலும் பொதுவாக இதுதான். “அமோனியா இல்லை” என்று பெட்டியில் போட்டிருந்தால் அமோனியா மட்டும்தான் இல்லை, பி.பி.டி. இருக்கலாம். சிலருக்கு இது கடும் ஒவ்வாமை தரும். காதோரமும் கழுத்தும் கடித்து, நீர் வடிந்து, மறுநாள் காலை கண் திறக்க முடியாமல் இமை வீங்கி வருவார்கள். “பத்து வருடமாக அடிக்கிறேனே, இப்போது மட்டும் ஏன்?” என்பார்கள். இந்த ஒவ்வாமை அப்படித்தான், எத்தனை வருடம் சும்மா இருந்தாலும் ஒருநாள் தொடங்கலாம். தொடங்கினால் பிறகு போகாது. கையில் போடும் கறுப்பு மெஹந்தியிலும் அனேகமாக இதே பி.பி.டி.தான், முன்பு எப்போதாவது அதைப் போட்டுக் கடித்திருந்தால், டைப் பக்கமே போகவேண்டாம்.

கடிக்கவில்லை என்றாலும் சோதித்துப் பாருங்கள். பெட்டியில் சொன்னபடி சொட்டுக் கலவையைக் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் பூசி 48 மணித்தியாலம் பாருங்கள். சலூனில் “அதெல்லாம் தேவையில்லை அக்கா” என்றால் வேறு சலூன் பாருங்கள். உங்கள் அக்கா கொண்டுவரும் பெட்டிக்கும் இதே சோதனைதான். வெளிநாட்டுப் பெட்டி என்பதற்காகத் தோல் சலுகை தராது.

அம்மா சொல்வதில் பாதி சரி. வெறும் மருதோன்றி இலை மிகச் சிலருக்கே ஒத்துவராமல் போகும். ஆனால் வெள்ளை மயிரில் அது செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். உங்களுக்கு நரை முன்பக்கம் என்பதால், வகுப்பில் பிள்ளைகள் முதலில் பார்ப்பதே அந்தச் செம்மஞ்சளைத்தான். அது பிடிக்காது என்றால், மருதோன்றி போட்டுக் கழுவிய பிறகு அவுரி என்ற நீலச்சாயச் செடியின் இலைத் தூளைக் குழைத்துப் பூசலாம். கரும் மண்ணிறமோ கறுப்போ வரும். அரை நாள் வேலை, பொறுமையும் வேண்டும். இதுவும் சீக்கிரம் போகாது, வேரில் கோடு விழும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மருதோன்றி தனியாக ஒருபோதும் கறுக்காது. “கறுப்பு மருதோன்றி” என்று விற்கும் பக்கற்றில் கறுப்பைத் தருவது வேறொன்று, அனேகமாக அதே பி.பி.டி.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. பெரொக்சைட் கலக்காத, சில முழுக்கில் மங்கிப்போகும் தற்காலிக டை. சோதனை இதற்கும் வேண்டும். முன்பக்கத்துக்கும் வகிட்டுக்கும் மட்டும் பூசுங்கள். கொண்டை போடுபவருக்குப் பின்பக்க நரையை யார் பார்க்கப்போகிறார்கள்? வெள்ளை முற்றாக மறையாது, மற்ற மயிரைவிடக் கொஞ்சம் வெளிறிய மண்ணிறமாகக் கலந்து நிற்கும். மெல்ல மங்குவதால் கோடு விழாது. பிடிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடுவீர்கள். எந்த டை என்றாலும் கன்னங்கறுப்பு வேண்டாம். நிற அட்டையில் 1 என்றால் கறுப்பு. 3, 4 பக்கமாக எடுங்கள். 46 வயது முகத்துக்கு மேலே அட்டைக்கறுப்பு இருந்தால் தொப்பி வைத்ததுபோல இருக்கும், நரையைவிட அதுதான் வயதைக் காட்டும்.

புற்றுநோய்ப் பயத்தையும் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வீட்டில் டை பாவிப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. நாள் முழுக்கச் சாயத்தோடு வேலை செய்யும் சிகையலங்காரத் தொழிலாளர்களுக்குத்தான் சாத்தியம் இருப்பதாகச் சொன்னது. உங்களுக்குக் கையுறையும் திறந்த யன்னலும் போதும்.

பூசும்போது எரிந்தாலோ கடித்தாலோ “இன்னும் பத்து நிமிடம்தானே” என்று பொறுக்காதீர்கள். உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், தேசிக்காய், எண்ணெய் எதுவும் தேய்க்க வேண்டாம். அடுத்த நாளும் கடியோ வீக்கமோ இருந்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வீங்கி மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எங்கே போனாலும் டைப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் அச்சிட்டிருக்கும் இரசாயனப் பெயர்கள் வைத்தியருக்குத் தேவைப்படும்.