கேள்வி நேரம்: பூமி எவ்வளவுதான் சூடாகும்?

கேள்வி: காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் 1.5 முதல் 4.5 டிகிரி வரை வெப்பம் கூடும் என்று 1979-இலேயே சொன்னார்கள். இன்னும் ஒரே எண்ணுக்கு வர முடியவில்லையே, ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

வீச்சு குறுகியிருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி என்கிறது, நடுமதிப்பு 3. வெப்பமானிப் பதிவுகள், பனியுகச் சான்றுகள், மேகங்களின் இயற்பியல் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததால் கிடைத்த முன்னேற்றம் இது.

மிச்சமிருக்கும் சிக்கலில் பெரும்பங்கு மேகங்களுடையது. பெரு, கலிஃபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால் தாழ்வாகப் பரந்து கிடக்கும் வெண்மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. கடல் சூடேறினால் அவை கலையும். கலைந்தால் கடல் இன்னும் சூடேறும். எந்த அளவுக்குக் கலையும் என்பதில்தான் கணினி மாதிரிகள் வேறுபடுகின்றன. மாதிரியின் ஒரு கட்டம் சுமார் 100 கி.மீ. அகலம், மேகத்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இடையில் நடப்பதை ஒவ்வொரு குழுவும் தனக்கேற்ற தோராயச் சூத்திரத்தால் நிரப்புகிறது. மேகத்தின் உட்புறத்தை ரேடாராலும் லேசராலும் அளக்கும் எர்த்கேர் செயற்கைக்கோளை 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் ஏவியது இதற்காகத்தான். மேகங்கள் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் இன்று ஆதாரம் இல்லை.

கேள்வி: இதை வீட்டிலேயே கணக்கிட முடியுமா? (பள்ளி ஆசிரியர், ஈரோடு)

முடியும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு). இப்போதைக்கு 420 என்று கொள்ளுங்கள். 420-ஐ 280-ஆல் வகுத்தால் 1.5. அதன் இயல் மடக்கை (எல்என்) 0.405. அதை 5.35 என்ற மாறிலியால் பெருக்கினால், கூடுதலாகச் சிறைப்படும் வெப்பம் சதுர மீட்டருக்கு 2.17 வாட். இரட்டிப்புக்கு இதே சூத்திரம் 3.71 தரும். 2.17-ஐ 3.71-ஆல் வகுத்து, மேலே சொன்ன நடுமதிப்பான 3-ஆல் பெருக்குங்கள்: சுமார் 1.75 டிகிரி. 3-க்குப் பதில் 2.5, 4 என்று போட்டால் சுமார் 1.5, 2.3.

மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது கால்குலேட்டரில். 'எல்என்' பொத்தானை அழுத்தாமல் 'லாக்' அழுத்தினால் 0.176 வந்து, விடை பாதிக்கும் கீழே போய்விடும்.

இன்னொன்று: கடல் முழுவதும் சூடேறி முடிந்த பிறகு எட்டும் நிலையே இந்த விடை. அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024-இல் பதிவான 1.55 டிகிரி உயர்வோடு இதை ஒப்பிடாதீர்கள். அதில் பசிபிக் கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோவின் பங்கும் உண்டு. மீத்தேன் கூட்டியதும் புகைத்துகள் குறைத்ததும் உண்டு.

கேள்வி: கப்பல் புகையைச் சுத்தப்படுத்தியதால் வெப்பம் கூடியதாமே? (தூத்துக்குடி வாசகர்)

திசை சரி, அளவில்தான் விவாதம். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. கந்தகத் துகள்கள் குறைந்தால் மேகத்துளிகள் பெரிதாகி எண்ணிக்கையில் குறையும். மேகத்தின் வெண்மை மங்கும். கடல்மேல் கப்பல் தடங்களாகத் தெரிந்த வெண்கோடுகள் அருகியதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. ஆனால் 2023-இன் வெப்பம் முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது.

மனிதர் எழுப்பும் எல்லாத் துகள்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 1.1 வாட் குளிர்விக்கின்றன என்பது ஐபிசிசியின் மதிப்பீடு. ஆனால் அது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம். இவ்வளவு அகலமான இடைவெளிதான் எங்களுக்குப் பெருங்கவலை. புகைமறைப்பு பெரிதாக இருந்தால், அதன் பின்னே ஒளிந்திருக்கும் வெப்பமும் பெரிது. அதற்காக அழுக்குப் புகையைத் தொடரவும் முடியாது. அது நுரையீரலைக் கெடுக்கிறது. தாழ்வான காற்றில் கந்தகத் துகள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் மேலேயே நிற்கும்.