அப்பாவின் வங்கிக் கணக்கில் 3 லட்சம், நாமினி இல்லை. கோர்ட்டுக்குப் போகாமல் எடுக்க முடியுமா?

முடியும். உயிலோ வாரிசுகளுக்குள் தகராறோ இல்லையென்றால் இந்தத் தொகைக்கு வக்கீலே வேண்டாம். இறப்புச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். தாசில்தார் அலுவலகம் விசாரித்துத் தரும். அப்புறம் வங்கியின் கிளெய்ம் படிவம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் வங்கியின் இழப்பை நாங்கள் ஈடுசெய்வோம் என்கிற உறுதிமொழி), பணம் வேண்டாம் என்கிற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். “கோர்ட் சான்று கொண்டு வாங்க” என்று கவுண்டரில் சொன்னால் மேலாளரைப் பாருங்கள். சிறு தொகைக்கு எளிய நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அதுதான் பின்னால் சண்டையாகும்.

பாஸ்புக்கில் மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா பாருங்கள். அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தின் பிரீமியமாக இருக்கலாம். அப்பாவுக்கு 55 வயதுக்குள் என்றால் 2 லட்சம் தனியாக வரலாம்.