கல்பாக்கம் இல்லை ஐயா, உட்கரு

வணக்கம் ஐயா. "பொண்ணு நியூக்ளியர் புரோட்டீன்ல ஆராய்ச்சி பண்ணணுங்குறா, கல்பாக்கத்துலயா வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அணு உலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது நம் செல்லுக்குள் இருக்கும் உட்கரு. செல் எப்போது வளரலாம், எப்போது இரண்டாகப் பிரியலாம் என்று பார்த்துக்கொள்வதில் உட்கருப் புரதங்களுக்குத்தான் பெரிய பங்கு.

மார்பகப் புற்றுநோய் பயாப்சி ரிப்போர்ட்டில் 'கேஐ-67' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு சதவீதம். அதுவும் ஓர் உட்கருப் புரதம்தான். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் இருக்கும். ஓய்ந்து கிடக்கும் செல்லில் இருக்காது. கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அந்தப் புரதம் உள்ள உட்கருக்கள் பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ணிச் சொல்வதுதான் அந்தச் சதவீதம். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை டாக்டர் அதை வைத்தும் கணிப்பார். பெயர்தான் வேடிக்கை: ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்ததால் ஊரின் ஆங்கிலப் பெயரில் (Kiel) முதல் இரண்டு எழுத்து, 67 என்பது சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண்!

சரி, சோறு போடுமா? 'ஆர்பி' என்ற உட்கருப் புரதம் செல் பிரிவுக்குப் பிரேக் மாதிரி. அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும் நொதிகளை அடக்கும் பால்போசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்கா 2015-ல் அனுமதி கொடுத்தது. இந்த மாதிரி மருந்து வேலைக்குத்தான் பெங்களூரு, ஹைதராபாத் கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன.

ஆனால் பி.எஸ்சி. விலங்கியலோடு நின்றால் சம்பளம் சுமார்தான், மறைக்க மாட்டேன். ஐஐடி ஜாம் அல்லது கேட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சிக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-லிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. முடிய ஐந்து வருடமாவது ஆகும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க முடியுமா என்று நீங்களும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி லேப் வேலைதான் வேண்டும் என்றால் அதற்கு எம்எல்டி என்ற மருத்துவ லேப் தொழில்நுட்பப் படிப்பு, அது தனி ரூட்.

எனக்கு உள்ள சந்தேகம் ஒன்றுதான். ஒரே சோதனையை முப்பது தடவை செய்து, இருபத்தொன்பது தடவை சொதப்பினாலும் மறுநாள் காலை லேபுக்குப் போவாளா? அது மார்க் ஷீட்டில் தெரியாது. இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு அவளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இரண்டு மாதம் லேபில் இருப்பாள். திரும்பி வந்ததும் என்னிடம் அழைத்து வாருங்கள். அதுவரை எம்.பி.ஏ. அப்ளிகேஷன் வாங்க வேண்டாம்.