தோட்டத்து வாக்கி டாக்கிக்கு ஹாம் உரிமம் போதுமா?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மேல்தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. கீழே களத்தில் இருப்பவர்களோடு பேச இணையக் கடையில் இரண்டு வாக்கி டாக்கி வாங்கினேன். தெளிவாகக் கேட்கிறது. 'உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் வம்பு' என்கிறார் ஒரு நண்பர். 'ஹாம் உரிமம் எடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் இன்னொருவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் ஹாம் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் என்ன செய்ய?"

ஹாம் என்றால் தேர்வெழுதி உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவர். உங்கள் தோட்ட வேலைக்கு ஒரு வழி இருக்கிறது. மகளின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே உரிமத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் கையில் இருக்கும் கருவி. நீங்கள் அனுப்பிய படத்தில், பெட்டியின் மேல் 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ் என்றும் 5 வாட் என்றும் அச்சிட்டிருக்கிறது. எண்களைத் தட்டினால் இந்த எல்லைக்குள் எந்த அலைவரிசைக்கும் அது போய்விடும். அதற்குள் ஹாம்களுக்கு உரிய பகுதி கொஞ்சம்தான்: 144–146 மெகாஹெர்ட்ஸ், பிறகு 434–438. மீதியெல்லாம் காவல்துறை, கப்பல் போக்குவரத்து என்று வேறு பலருடையது. கடலில் ஆபத்து நேர்ந்தால் கப்பல்கள் உதவி கேட்கும் 156.8 மெகாஹெர்ட்ஸ் கூட இதற்குள்தான் வருகிறது. விவரம் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட கருவியை இயக்குவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும். 1933ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. 'இணையத்தில் வெளிப்படையாக விற்கிறார்களே' என்று கேட்பீர்கள். அந்த விற்பனையைக் கட்டுப்படுத்தத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனி வழிகாட்டு விதிகளையே கொண்டுவந்தது. உரிமம் தேவை என்று சொல்லாமல் விற்றிருந்தால் தவறு விற்றவருடையது. கருவியைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

தோட்டத்துக்கு வழி என்னவென்றால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சிறு பகுதியில் குறைந்த திறன் வாக்கி டாக்கிகளுக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது, கருவிக்கு இ.டி.ஏ. என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். வாங்கும்போது அந்தச் சான்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் உள்ள 5 வாட் கருவியையே 446க்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. விலக்கு அலைவரிசைக்கு மட்டும் உரியதல்ல, கருவிக்கும் அதன் திறனுக்கும் சேர்த்துத்தான். அரை வாட் என்பது சில்வர் ஓக் மரங்களுக்கும் பாறை முகடுகளுக்கும் நடுவே சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதும் உண்மை. பேசுகிறவர் பள்ளத்தில் நிற்காமல், களம் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் நின்று பேசினால் பெரும்பாலும் எட்டும். அதுவும் போதாவிட்டால் டபிள்யூ.பி.சி.யிடம், அதாவது தொலைத்தொடர்புத் துறையின் வானலைப் பிரிவிடம், சொந்தப் பயன்பாட்டுக்கான அலைவரிசை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக் கட்டணம் உண்டு. பெரிய எஸ்டேட்டுக்குக் கட்டுப்படியாகும், சிறு தோட்டத்துக்கு யோசிக்க வேண்டும்.

சரி, ஹாம் உரிமம் எடுத்து 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால் என்ன? உங்கள் நண்பர் தவறுவது இங்கேதான். 'மிளகு மூட்டை ஏற்றியாச்சா', 'கூலி ஆட்கள் எத்தனை பேர் வந்திருக்காங்க' — இவை தொழில் பேச்சு. அமெச்சூர் சேவைக்கான, அதாவது ஹாம்களுக்கான, 1978ஆம் ஆண்டு விதிகள் இதைத் தடுக்கின்றன. நீங்களும் உங்கள் மேஸ்திரியும் இருவருமே தேர்வெழுதி உரிமம் வாங்கியிருந்தாலும் கூடாது. விளம்பரம், செய்தி ஒலிபரப்பு, பாட்டுப் போடுவது, காசு வாங்கிக்கொண்டு செய்தி அனுப்புவது, மற்றவருக்குப் புரியாத ரகசியக் குறியீட்டில் பேசுவது எல்லாமே இதே கணக்கில் சேரும். கருவி, ஆன்டெனா, சிக்னல் எப்படி வருகிறது, நலம் விசாரிப்பு — ஹாம் பேச்சு இதற்குள் நிற்க வேண்டும்.

இதைக் கெடுபிடி என்று நினைப்பவர்களிடம் நான் 2004ஐ நினைவுபடுத்துவேன். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேசுவதற்காகப் போனவர்கள். 26ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, அவர்களுடைய நிலையம் தீவுக்கும் தாய்நிலத்துக்கும் நடுவே செய்திகளைக் கடத்தியது. யார் பிழைத்தார், எங்கே இருக்கிறார் என்ற விவரம் ஏங்கிக் கிடந்த குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரண நாளில் மூன்றாம் மனிதருக்காகச் செய்தி அனுப்பத் தடை போடும் விதி, பேரிடரில் அதற்கு இடம் கொடுக்கிறது. அன்று அந்த அலைவரிசைகள் வியாபாரப் பேச்சால் நிரம்பியிருந்தால் அந்த மெல்லிய குரல்கள் யார் காதிலும் விழுந்திருக்காது.

இனி உங்கள் மகள். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதலாம், ஆகவே அவளுக்கு வயது சரி. டபிள்யூ.பி.சி.யின் கண்காணிப்பு நிலையங்கள் தேர்வை நடத்துகின்றன, சென்னையிலும் எழுதலாம். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளத்தின் வழியே. இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் என்ற புள்ளி-கோட்டுக் குறியீட்டை அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் தேவையில்லை. முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதட்டும். வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ஓம் விதி, மின்தேக்கி, ஆன்டெனா நீளம் என்று கோட்பாட்டைப் பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள், விதிமுறைகளைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள். நான் பார்த்தவரை சறுக்குவது அங்கேதான். ஒவ்வொரு பகுதியிலும் தனியாகத் தேற வேண்டும் என்பதால் ஒன்றில் அள்ளிய மதிப்பெண் மற்றதைக் காப்பாற்றாது.

தேர்வில் வென்றதும் வருவது சான்றிதழ். அதை வைத்து உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, உங்கள் நிலையத்தை வானலையில் அடையாளம் காட்டும் அழைப்புக் குறி கைக்கு வந்த பிறகுதான் பேச்சுப் பொத்தானைத் தொடலாம். ரெஸ்ட்ரிக்டட் என்றால் அழைப்புக் குறி வி.யு.3 என்று தொடங்கும், ஜெனரல் என்றால் வி.யு.2. இடைப்பட்ட வாரங்களில் 'சும்மா ஒரு தடவை' பேசிப் பார்க்க விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உரிமம் வந்தபின் மறக்கக்கூடாதவை சில. பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். யாரோடு, எப்போது, எந்த அலைவரிசையில் பேசினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை வாட், எந்தெந்த அலைவரிசை என்பது உரிமத்திலேயே இருக்கும். கருவியால் முடிகிறது என்பதற்காக அதை மீறக்கூடாது. நிலையம் இருக்கும் முகவரியும் உரிமத்தில் உண்டு. வீடு மாறினால் திருத்தம் வாங்க வேண்டும். தற்செயலாகப் பிறருடைய தகவல் காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லக்கூடாது. உரிமம் அவள் பெயரில் இருக்கும்போது, அதைக் காட்டி நீங்கள் மேல்தோட்டத்திலிருந்து அவளை அழைக்கவும் முடியாது. பேச ஆசையென்றால் நீங்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேர்வெழுதுங்கள். தந்தையும் மகளும் ஒரே மேசையில் படித்து ஹாம் ஆன வீடுகளை நான் அறிவேன்.

தேர்வு வரை அவள் காத்துக் கிடக்க வேண்டாம். சிற்றலை வானொலிகளை உலாவியிலேயே திருப்பிக் கேட்கவைக்கும் வெப் எஸ்.டி.ஆர். தளங்கள் இருக்கின்றன. மாலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி, ஹாம்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்று கேட்கட்டும். கேட்ட அழைப்புக் குறிகளை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.